ஊரில் ஒரே ஒரு டன்ஸ்டன்

எங்கள் ஊர் முழுக்கத் தேடினாலும் டன்ஸ்டன் என்று ஒரே ஒருவர்தான். இங்கிலாந்துப் பிஷப் ஒருவருடைய பெயர் என்று பெருமையாகச் சொல்வார். வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில், ஏதோ ஒரு கல்லில் பார்த்து அவருடைய அப்பா பிடித்த பெயர் அது என்பது எங்களுக்குத் தெரியாதா? மனிதர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. யார் வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தாலும் வெள்ளிக் கிண்ணத்தோடு போய் நிற்பார். "என் பேரை வையுங்களேன், அது என்னோட போயிடக் கூடாது." கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஜோயல் என்று வைப்பார்கள். தெருவில் இப்போது ஆறு ஜோயல்கள்.

போன ஞாயிறு, பக்கத்து வீட்டு பியூலாவின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். டன்ஸ்டன்தான் ஞானத்தகப்பன். எங்கள் கோயிலில் பெயரை உரக்கச் சொல்வது ஞானத்தகப்பனின் வேலை. போதகர் உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிக்கொண்டு, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டார்.

"ஜோ..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார் டன்ஸ்டன்.

பியூலா அவர் கையைக் கிள்ளினாள். "யாரு மாமா ஜோயல்னு சொன்னா? உங்க பேரைச் சொல்லுங்க."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ரேஷன் கடையில கூட தன் பேரை மூணு தடவை கத்திச் சொல்ற மனுசன்!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அது என்னுடையதாகவும் இருக்கலாம்.

போதகரின் விரலிடுக்கில் தண்ணீர் முழுவதும் ஒழுகிவிட்டது. அவர் மறுபடி அள்ளினார்.