கப்பல் வாசலில் திரும்பினவன்

"இந்தப் பையன் வேண்டாம். சரியான பயந்தாங்கொள்ளி."

டிரைவிங் ஸ்கூல்காரர் படகுத்துறையில் நின்றபடியே மனைவிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். தலையிலிருந்து இன்னும் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துவட்டிக்கொள்ளக்கூட மனுஷருக்குப் பொறுமை இல்லை.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள், கட்டினால் அந்தக் கண்ணாடிக்கடைக்காரனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பையன் சாது. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான். இவரோ முப்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று வைத்த தனி பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கத்திக் கத்தி வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். பெண்ணைக் கட்டப்போகிறவனுக்குக் கொஞ்சமாவது துணிச்சல் வேண்டாமா என்பது அவர் கவலை.

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று போன மாதம் அவனையும் இழுத்துக்கொண்டு முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலில் முங்குகிற ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தார். இதுவரை ஆறு தடவை கடலுக்குள் போய் வந்தாயிற்று. இன்று ஏழாவது. கடலடியில் கிடக்கும் பழைய சரக்குக் கப்பலைப் பார்க்கப் போனார்கள்.

சொல்லிக்கொடுக்கிற டீச்சர் படகிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். கப்பலைச் சுற்றிப் பார்க்கலாம், வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், உள்ளே மட்டும் போகக் கூடாது. வெளியில் ஏதாவது ஆனால் மேலே வந்துவிடலாம். உள்ளே ஆனால் தலைக்கு மேலே இருப்பது தண்ணீர் இல்லை, இரும்பு. புதுசாகக் கற்றவர்களுக்கு அது ஆகவே ஆகாது. அப்புறம் இன்னொன்று, ஜோடியில் ஒருத்தர் கட்டை விரலை மேலே காட்டினால் மற்றவரும் கூடவே ஏறிவிட வேண்டும். காரணத்தைப் படகில் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

டிரைவிங் ஸ்கூல்காரர் பவ்யமாகத் தலையாட்டினார். எல் போர்டு வண்டியைச் சுரங்கப்பாதைப் பக்கமே விடாத மனுஷர்தான். ஆனால் தன் முதுகில் தொங்குகிற எல் போர்டு யார் கண்ணுக்குத் தெரிகிறது?

டீச்சர் நகர்ந்ததும் பையன் காதோடு சொன்னார்.

"அவங்க அசர்ற நேரம் பாத்து நான் நைசா உள்ள பூந்துருவேன். ரெண்டே நிமிஷம். என் பின்னாடி வந்தீன்னா சாயங்காலமே கல்யாணத் தேதி பேசிடலாம்."

"வேண்டாம் சார், அவங்க இப்பதானே சொன்னாங்க..."

"வந்தா மாப்பிள்ளை. வரலைன்னா கண்ணாடிக்கடைக்காரன். நீயே யோசிச்சுக்கோ."

கீழே எல்லாம் அவர் போட்ட திட்டப்படிதான் போயிற்று. டீச்சர் மற்ற இரண்டு பேருக்கு ஏதோ மீனைக் காட்டிக்கொண்டிருந்தாள். இவர் கப்பல் வாசலில் தலையை நுழைத்துவிட்டார். திடுதிப்பென்று பையன் வந்து, இவர் இடுப்போரம் தொங்கிய ரப்பர் குழாயைப் பிடித்து இழுத்தான். அடுத்த நொடி காலைப் பிடித்து வெளியே இழுத்தான். கட்டை விரலை மேலே காட்டினான். இவருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, ஆனால் வாயில் காற்றுக் குழாய் இருக்கும்போது யாரைத் திட்ட முடியும்? கூடவே ஏறினார். அதைப் பார்த்து டீச்சரும் மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

படகில் டீச்சர் என்ன ஆயிற்று என்று கேட்டாள். பையன் ஒரு தடவை இவர் முகத்தைப் பார்த்தான்.

"எனக்குப் பயம் வந்துருச்சு மேடம். என்னாலதான் எல்லாருக்கும் கெட்டுப்போச்சு."

படகே சிரித்தது. மானம் கப்பலேறிவிட்டதாக இவருக்குத் தோன்றியது. கரை வருகிற வரைக்கும் வாய் ஓயவில்லை. நடை பழகுகிற குழந்தை அம்மா சேலையைப் பிடிக்கிற மாதிரி என் குழாயைப் பிடித்துத் தொங்கினான் என்று படகோட்டி வரைக்கும் நடித்தே காட்டிவிட்டார். பையனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

கரை இறங்கியதும்தான் அந்தப் போன்.

போனை வைத்தால் எதிரே டீச்சர் நோட்டோடு நின்றாள். யார் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று மீட்டரைப் பார்த்துத் தானே எழுதி, அவரவர் கையெழுத்தை வாங்காமல் யாரையும் விடமாட்டாள்.

பையன் பெயருக்கு நேரே நூற்று இருபது. இவர் பெயருக்கு நேரே முப்பத்தைந்து.

"மாத்தி எழுதிட்டீங்க மேடம். பயந்தவன் அவன். முப்பத்தஞ்சு அவனோடது."

"மாறலை சார். ஆர்வத்துல நீங்கதான் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுத் தீத்திருக்கீங்க. அம்பது இருக்கும்போதே படகுக்கு வந்துரணும்னு சொன்னேனே. ஏதோ, அவர் பயந்த நேரம் நல்ல நேரம். இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

கையெழுத்துப் போடப் போன கை நின்றுவிட்டது. அவருடைய மீட்டர் அந்த ரப்பர் குழாயின் நுனியில்தான் இருந்தது. கீழே இருந்த நேரம் முழுக்க அதை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பையன் குழாயைப் பிடித்துத் தொங்கவில்லை, மீட்டரைப் பார்த்திருக்கிறான்.

பையன் தொட்டியில் அவருடைய உடுப்பை அலசிக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"படகுல ஏன்யா உண்மையைச் சொல்லலை?"

"சொன்னா அத்தனை பேர் முன்னாடியும் டீச்சர் உங்களை வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பாங்க சார். என்னைப் பாத்துத்தானே சிரிச்சாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும்."

அவர் போனை எடுத்து மனைவியை மறுபடி கூப்பிட்டார்.

"ஆமா, பயந்தாங்கொள்ளின்னு சொன்னது நான்தான். இப்ப கேளு. உன் பொண்ணு ஓட்டுற ஓட்டம் அப்படியே என் ஓட்டம். அவளுக்குப் பக்கத்து சீட்டு பிரேக் கிடைச்சாச்சு, சட்டுனு தேதியைப் பாரு."