மழை விடுவதற்குள்

அந்தக் கடலோரக் குன்றைத் தவிர வேறெங்கும் இல்லாத நத்தை இனத்தில் இரண்டே பேர் மிஞ்சியிருந்தார்கள். அவர்களும் ஒரு துண்டுப் பாசிக்காகச் சண்டை போட்டு, ஆளுக்கொரு பாறையில் ஒதுங்கிவிட்டார்கள்.

“ஈரம் காயறதுக்குள்ள போய்ப் பேசுங்கண்ணே,” என்றது எறும்பு.

“நான் எதுக்குப் போகணும்? வேணும்னா அங்கேயிருந்து வரட்டும்,” என்றது மூத்த நத்தை.

மழை விட்டது. மூத்த நத்தை தன் கோழையால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு வெயில்காலம் முழுக்கத் தூங்கியது.

அடுத்த மழையில் மனசு கேட்காமல் கிளம்பியது. பாதி வழியிலேயே பழகிய ஓடு தெரிந்தது.

“இன்னும் கோபமா? நானே வந்துட்டேன், பாரு.”

உள்ளேயிருந்து நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. “நான் புதுசா குடிவந்திருக்கேங்க. ஓடு காலியாத்தான் கிடந்துச்சு.”

“இங்கேயா?”

“இங்கேதான். அதோ, அந்தப் பாறையைப் பார்த்தபடி.”

நண்டு கொடுக்கை நீட்டிய பக்கம் நத்தை திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிருந்துதான் அது கிளம்பி வந்திருந்தது.