பொறுப்புள்ள பிள்ளை

"உங்கப்பாவைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்று வந்தவர் சொன்ன பிறகுதான், டைல்ஸ் கடை முதலாளிக்கு அப்பா என்று ஒருவர் இருப்பதே நினைவுக்கு வந்தது.

வந்தவர் கையில் தடித்த ஃபைல். நலத்துறை என்றார். கடையிலேயே விலை கூடிய வாஷ்பேசினுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மூணு வருஷமா உங்கப்பா அரசாங்க உதவித்தொகை வாங்குறாரு. ஆதரவில்லாத பெரியவங்களுக்குக் குடுக்குறது."

"ஆதரவில்லாதவர்தானே சார் அவரு!" என்ற முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சம்பாதிக்கிற பிள்ளை இருந்தா, குடுத்ததையெல்லாம் பிள்ளைகிட்ட வட்டியோட வசூல் பண்ணணும்னு விதி. கட்டலைன்னா கடைக் கதவுல நோட்டீஸ் ஒட்டுவாங்க."

முதலாளியின் முகம் வெள்ளை டைல்ஸாக ஆனது. அப்பாவைக் கைவிட்டவன் என்று நாலு பேர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். அரசாங்கத்துக்கே பாக்கி வைத்தவன் என்று சரக்கு அனுப்புகிறவர்கள் காதில் விழுந்தால் அடுத்த லோடு வராது. கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கல்லாவில் இருந்த மனைவி கைகொடுக்க வந்தாள். "மாமா ரொம்ப ரோஷக்காரர் சார். நாங்க குடுத்தா வாங்கவே மாட்டாரு."

"குடுத்துப் பாத்தீங்களாம்மா?"

"வாங்க மாட்டாருன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குக் குடுக்கணும்?"

அந்த நியாயத்தின் அழகில் வந்தவர் கொஞ்ச நேரம் சொக்கிப்போனார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த ஃபைல் மேலதிகாரி மேஜைக்குப் போகாம, கட்டுக்கு அடியிலேயே கிடக்கலாம். ஆனா தானா கிடக்காது சார். மாசாமாசம் யாராவது எடுத்து அடியில வைக்கணும்."

முதலாளிக்குப் போன உயிர் திரும்பியது. சட்டம், விதி என்றால்தான் அவருக்கு வழி தெரியாது. பேரம் என்றால் சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி.

"எவ்வளவு?"

"மாசம் இருபதாயிரம்."

"என்ன சார், ஃபைலை அடியில வைக்கவா, ஆளையே அடியில வைக்கவா?"

"சரி, பதினெட்டு."

"எங்கப்பாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. அவ்வளவு பழைய சரக்குக்கு இந்த விலையா? ஆறு."

வந்தவர் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போனார். முதலாளி தடுக்கவில்லை. வாசலில் செருப்பு தேடுகிற சாக்கில் நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பி வருகிறவர்கள் என்பது அவருடைய தொழில் அனுபவம். வந்தவரும் திரும்பி வந்தார். பத்தாயிரத்தில் படிந்தது.

பாதிக்குப் பாதி அடித்துவிட்ட பூரிப்பில், முதலாளி மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கவரில் போட்டு நீட்டினார்.

வந்தவர் தலை மறைந்ததும் மனைவி பொருமினாள். "இதுல பாதியை மாமாவுக்கே குடுத்திருந்தா, ராஜா மாதிரி இருந்திருப்பாரே!"

"அது தண்டச் செலவுடி" என்றார் முதலாளி. "இது தொழில் செலவு."

இரண்டு தெரு தள்ளி, பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் காத்திருந்தார். ஃபைலோடு வந்தவரிடமிருந்து கவரை வாங்கிப் பிரித்து, தன்னுடன் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கும் அந்த வேலையிழந்த விற்பனையாளருக்குக் கமிஷனைக் கொடுத்தார்.

"என் பையன் அடையாள அட்டை ஏதாவது கேட்டானா?"

"எங்க ஐயா? விலையைக் குறைக்கிறதுலயே குறியா இருந்தாரு." விற்பனையாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்னைக்காவது மாட்டிக்குவோம். பேசாம அந்த உதவித்தொகைக்கு நிஜமாவே ஒரு மனு போட்டுடுங்களேன்."

பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

"சேச்சே, அது நாதியத்தவங்களுக்குக் குடுக்குறது தம்பி, எனக்குத்தான் மாசம் பொறந்தா பணம் குடுக்க வசதியான பிள்ளை இருக்கானே!"