ஓரம் இல்லாத புலி

அந்தப் பட அட்டை ஆல்பத்தில் கலைமான்தான் மூத்தவர். தூரிகையால் வரைந்த உடம்பு, சுற்றிலும் தடித்த மஞ்சள் ஓரம். அவருக்குப் பிறகு வந்த பக்கத்து அட்டை முயலுக்கு மெல்லிய வெள்ளிக் கோடுதான் ஓரம்.

எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒரு புலி அட்டை வந்தது. அட்டை முழுக்கப் பளபளவென்று புலிதான்.

"ஓரம் எங்கே தம்பி?" என்றார் கலைமான்.

"இப்பல்லாம் யாரும் ஓரம் வைக்கிறதில்லை அண்ணே."

"கொடுத்துவச்சவன். எனக்கு இதுக்குள்ள மூச்சு முட்டுது."

ஆல்பத்தை யாரோ மூடினார்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன.

மறுபடி திறந்தபோது முயலின் அட்டையில் புல் மட்டும் இருந்தது.

"உங்க ஓரம் நல்ல கெட்டி அண்ணே," என்றது புலி.

கலைமான் அவசரமாகத் தன் ஓரத்தைச் சுற்றிப் பார்த்தார். வெளியே போகும் ஆசையில் இத்தனை வருஷம் அவரே கொம்பால் உரசித் தேய்த்த மூலையில் மஞ்சளே இல்லை.

ஆல்பம் மெல்ல மூடத் தொடங்கியது.