திருத்தணி எந்தப் பக்கம்?

கிணற்றின் மேல் ஏறி இறங்கும் ஏற்றமரத்தில் கால் வைத்ததுமே முனிரத்தினத்துக்கு அந்த நினைப்பு வந்துவிட்டது. விழப்போகிறாய்.

போன வருஷம் இதே மரத்திலிருந்துதான் அவனுடைய அண்ணன், பாடிக்கொண்டிருந்தபோதே கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்து செத்தான். மரம் மிதிக்க வீட்டில் இனி இவன்தான். இன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் கேழ்வரகு கருகிவிடும்.

நினைக்காதே, நினைக்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல நினைப்பு கெட்டியானது.

கிணற்று ஓரம் தண்ணீர் மொள்ளும் சாலைப் பிடித்து நின்ற நாகையா, இவன் மனைவியின் அண்ணன், எதையும் கண்டுகொள்ளவில்லை. வழக்கமான ஏற்றப்பாட்டையும் எடுக்கவில்லை. ஊர்க்கதை பேச ஆரம்பித்தான்.

"எல்லை பிரிச்சுட்டாங்களே மாப்ள. திருத்தணி ஆந்திராவுக்காமே?"

"யாரு சொன்னது? மெட்ராஸுக்கு."

"அப்ப நகரியும் மெட்ராஸா?"

"நகரி ஆந்திராவுலயேதான் கீது."

"பள்ளிப்பட்டு?"

"மெட்ராசு. நேத்தே சொன்னேனே."

முனிரத்தினம் மரத்தில் முன்னும் பின்னும் நடக்க, சால் இறங்கியது, ஏறியது.

"மரம் கால சுடுதா?"

"சுடாம குளுருமா?"

"எந்தக் கால்ல ஜாஸ்தி?"

"வலது கால்ல. சும்மா கெட மச்சான்."

"சரி, திருத்தணி எந்தப் பக்கம்னு சொன்னே?"

முனிரத்தினத்துக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. அந்தரத்தில் நடக்கிறவனிடம் இப்படியா வாயைக் கொடுப்பது? ஒரு உயிர் போன இடமாயிற்றே என்ற பயம்கூட இல்லை. மரமண்டை.

வரப்போரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் நின்றார். "ஏம்பா, இந்த ஊரு இப்ப ஆந்திராவா, மெட்ராஸா?"

சாலைக் கவிழ்த்தபடியே நாகையா பதில் சொன்னான். "ஆந்திரா சார். சத்தியவேடு சுத்துப்பட்டு மொத்தமும் இங்க வந்துட்டுது. திருத்தணி, பள்ளிப்பட்டு அங்க போயிடுச்சு. நகரி, புத்தூரு எப்பவும்போல ஆந்திராவுலதான்."

சைக்கிள்காரர் போய்விட்டார். மரத்தின் மேல் முனிரத்தினம் அப்படியே நின்றான்.

"எல்லாந் தெரிஞ்சுக்கினுதானா காலையிலேர்ந்து என் உயிர வாங்கிக்கினு இருந்தே?"

"நெலம் பாதி நனைஞ்சிடுச்சு மாப்ள. இன்னும் ஒரு தபாகூட நீ கெணத்தப் பாக்கல."

அதைக் கேட்டதும் முனிரத்தினத்தின் பார்வை கீழே போனது. கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. விழப்போகிறாய் என்ற நினைப்பு மறுபடி வந்தது.

"அங்கப் பாக்காத மாப்ள." நாகையாவின் குரல் இப்போது நடுங்கியது. "திருத்தணி எந்தப் பக்கம், அத்தச் சொல்லு."