மிச்சம்

விடுமுறைக் கூட்டத்தில் விமான நிலையத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. அதனால் வெளியூர் கிளம்பியபோது தொலைவில் இருந்த உபரி மைதானத்தில் காரை விட்டிருந்தாள். அங்கே போகும் பயணிகளுக்கு, அவர்களை ஏற்றிச் செல்லும் வேனின் டிரைவர் வைத்த பெயர் ‘மிச்சம்’. திரும்பி வந்து இறங்கியவளிடம், “நீங்க மிச்சமாக்கா?” என்றார். சிரித்தபடி தலையாட்டி ஏறினாள்.

மைதானத்தில் கார் இல்லை.

“காலையிலேயே நீங்கதானம்மா எடுத்துட்டுப் போனீங்க? டாட்டாகூட காட்டினீங்களே!” என்றார் காவலாளி.

சாவி அவள் கைப்பையில் இருந்தது. வீட்டுக்குப் போன் செய்தாள். கணவன் எடுத்தான். பின்னால் மகள் சிரித்தாள். கூடச் சிரித்தது அவளுடைய குரலேதான்.

“யாருங்க அது?”

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

“வாசல்ல பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு, அது நீ இல்லன்னு. ஆனா இவ வந்ததுலேருந்து எதுக்கும் எரிஞ்சு விழல. பாப்பாவும் ஒட்டிக்கிட்டா. தயவுசெஞ்சு வந்துடாத.”

போனை வைத்துவிட்டான்.

வேனில் கூட வந்த மற்றவர்கள் அவரவர் காரில் கிளம்பிப் போனார்கள். வேனைத் திருப்பிய டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“நீங்க மட்டும்தான் மிச்சமாக்கா?”

அவள் தலை தானாக ஆடியது.