இன்னைக்கும் காபியா?

அந்தப் பெரியவர் போனை எடுத்த பிறகுதான் உணவு ஆலோசகிக்கு மூச்சு வந்தது.

"காபி குடிச்சீங்களா, சார்?"

"ஒரே ஒரு டம்ளர்மா."

"இதயம் தாறுமாறா துடிக்குதுன்னு டாக்டர் சொன்ன பிறகுமா? உங்ககிட்ட சொல்றதும் சுவத்துகிட்ட சொல்றதும் ஒண்ணு!"

அவர் சிரித்தார். "இதயத் துடிப்புக்கு நல்லதாமே, மெக்னீசியம் மாத்திரை வாங்கலாமா?"

"டாக்டரைக் கேக்காம எதையும் வாங்காதீங்க. ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரையை நிறுத்தவும் கூடாது."

"சரிங்க மேடம். உங்க டயட் சென்டருக்கு என்னை விட்டா வேற ஆளே இல்லையா? தினமும் கூப்பிடுறீங்களே."

"எங்க சென்டர்ல அப்படித்தான் சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து அந்தப் பக்கம் போனேம்மா. சென்டரை மூடிட்டாங்களாமே. அங்க இப்போ செருப்புக் கடை."

வேலை போனதிலிருந்து அவள் தன் வீட்டுச் சமையலறையில் நின்றுதான் கூப்பிடுகிறாள். அவளுக்குப் பேச வேறு ஆளில்லை. இனி இவரும் எடுக்க மாட்டார்.

"மன்னிச்சிடுங்க சார். இனிமே கூப்பிடல."

"அட, வைக்காதம்மா! காபியை நான் எப்பவோ விட்டாச்சு. குடிச்சேன்னு சொன்னாத்தானே நீ திட்டுவே?"